ஆளுக்கொரு கிளை

பூந்தமல்லியில் பாய் தன் மளிகைக் கடையில் குறுக்கே கிடந்த மேசையை எடுத்துவிட்டு, வரிசையாக ரேக்குகளை நிறுத்தியபோது ஜனங்கள் வாசலிலேயே நின்றார்கள். வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளலாம் என்பதை யாரும் நம்பவில்லை. சிலர் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். கையில் கூடையைக் கொடுத்து அழைத்துவருவது என் வேலை. பில் போட ஒரு பெண் சேர்ந்திருந்தாள். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பஸ் மாறி வருவாள். கம்ப்யூட்டர் எங்கள் எல்லோருக்கும் புதிது. அவள் ஒரே வாரத்தில் கீழே பார்க்காமல் தட்டப் பழகிவிட்டாள்.

இரண்டாவது கடை ஆவடியில் திறந்தது.

"உன் ஊட்டு பக்கத்துலயே கடை வந்துட்ச்சிம்மா. இனிமே பஸ்ஸுல நசுங்க வேணாம்" என்றார் பாய், நல்லது செய்கிற சந்தோஷத்தில். அவள் தலையாட்டினாள். பிறகு சோப்பு ரேக்குக்குப் பின்னால் வந்து நின்று அழுதாள். நான் அங்கேதான் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. அங்க யாரையும் தெரியாது."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். ஆனாலும் எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாளே பாயிடம் வேனில் லோடு ஏற்றுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். செவ்வாயும் வெள்ளியும் ஆவடிக்குச் சரக்கு போகும். ஆனால் இறக்குகிற நேரத்தில் பேச முடியாது, கடை நிறைய ஆட்கள் இருப்பார்கள். அதனால் அட்டைப்பெட்டி மேல் கடையின் பெயரை மார்க்கரால் எழுதும்போது அடியில் சின்னதாக இன்னொரு வரி எழுத ஆரம்பித்தேன். 'மஞ்ச சுடிதார் நல்லாருந்துச்சு.' 'ஜுரம் விட்டுச்சா?' திரும்பி வரும் காலிப் பெட்டியில் அவள் பதில் இருக்கும்.

மூன்றாவது கடை திருமழிசையில். அங்கே மேனேஜர் பெரிய மீசைக்காரர். ஒரு நாள் ஆவடிப் பெட்டி ஒன்று அவரிடம் மாறிப் போய்விட்டது. உடனே பாய்க்குப் போன் போட்டார்.

"பாய், குடோன்லருந்து என்னை மல்லிப்பூ வெச்சிகினு வரச் சொல்லி எய்திகீறாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் பாய் முன்னால் நின்றேன். யாருக்கு எழுதினாய் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"பொண்ணுக்கு இஷ்டமா?"

"இஷ்டம்தான் பாய்."

"அப்பறம் இன்னாத்துக்குப் பெட்டில எய்திகினு கீற?"

எனக்கு அப்பா இல்லை. பாயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைக்கு வந்து, "பையனுக்கு நான் பொறுப்பு" என்று அவள் அப்பாவிடம் பேசினார். திரும்பும் வழியில் ஒரே நிபந்தனை சொன்னார். புருஷன் பெண்டாட்டி ஒரே கிளையில் வேலை செய்யக் கூடாது.

கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் வந்தார்கள், கடைகளும் ஒவ்வொன்றாகக் கூடின. நூம்பலில் வயல்கள் அடுக்குமாடிகளாகி, ஐடி வேலைக்காரர்கள் குடிவந்தபோது அங்கே ஏசி வைத்த கடை திறந்தது. அதற்கு அவள் மேனேஜர். நான் பூந்தமல்லி குடோனில். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு லீவு கிடையாது, கூட்டமே அன்றைக்குத்தான். அவளுக்குச் செவ்வாய், எனக்கு வியாழன்.

போன வருஷம் என் முட்டி போய்விட்டது. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். இப்போது பொறுப்பில் இருக்கும் பாயின் மகன் என்னை நூம்பலுக்குப் போகச் சொன்னார்.

"பாய் போட்ட ரூல் இருக்கேப்பா" என்றேன்.

"வாப்பாதாண்ணா அனுப்பச் சொன்னாரு."

முதல் நாள், ஊழியர்கள் எதிரில் அவள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "சார், மூணாவது வரிசையைப் பாத்துக்குங்க" என்றாள். "சரி மேடம்" என்றேன். பில் போடும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மதியம் ஸ்டாக் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தோம். இரண்டிலும் அவள் காலையில் வைத்த அதே காரக்குழம்பு. நான் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் இரண்டாவது கவளத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"தெனமும் இப்படித்தான் முழுங்குவியா?"

"வேன் கெளம்பிடுமே."

அவள் தன் பாக்ஸிலிருந்து பாதிச் சோற்றை என் மூடியில் தள்ளிவைத்தாள். மெதுவாகச் சாப்பிட்டேன். வெளியே யாரோ மேடத்தைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.