இறால் ஏறாத வான்

மன்னார்க் கரையோரத் தாழ்வுபாட்டில் விடிந்ததும் யாராவது ஒருவர் எங்கள் வான் வண்டியின் பக்கத்தில் தட்டுகிறார். முதல் நாள் தட்டியவரின் சைக்கிளில் மீன்பெட்டி கட்டியிருந்தது. "என்ன விக்கிறியள்?" என்றார். ஒன்றும் விற்கவில்லை, நாங்கள் இதற்குள்தான் படுத்து எழும்புகிறோம் என்றேன். அவர் தலையை உள்ளே நீட்டி, மெத்தையில் கிடந்த என் கணவர் அன்ரனையும் நாலு வயது மகள் நோராவையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்காரரோட கோவமோ, பிள்ளை?" இரண்டாம் நாள் ஒரு ஐயா மனைவியோடு வந்து, கையோடு கொண்டுவந்த பிளாஸ்டிக் கதிரையில் அவரை இருத்தினார். சீனி வருத்தமாம். நடமாடும் வைத்தியசாலை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "எங்களிட்ட மருந்து இல்லை, ஐயா" என்றார் அன்ரன். "அப்ப பிறஷரையாவது பாருங்கோவன்" என்றார் ஐயா.

நாங்கள் வாழும் நோர்வேயில் எந்த வண்டியையும் யாரும் தட்டுவதில்லை. அங்கே இதற்குப் 'பூபில்' என்று பெயர். போன கோடையில் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கடலோரமாகப் போனோம். இரண்டு மீற்றர் தள்ளி நின்ற பூபில்காரர் எங்களைப் பார்த்துக் கை காட்டினார், பிறகு திரையை இழுத்து மூடினார். ஐந்து நாட்களில் அவர் எங்களோடு பேசிய பேச்சு முழுவதும் அவ்வளவுதான். முதலில் மனம் சுருங்கியது. மூன்றாம் நாள் ஒன்று புரிந்தது. என் சட்டியும் என் கரண்டியும் என் கத்தியும் என்னோடு வருமானால் நோராவை எங்கும் கொண்டுபோகலாம். மன்னாருக்கும் கூட.

நோராவுக்கு இறாலும் நண்டும் ஆகாது. இரண்டு வயதில், எங்கள் ஆட்களின் பிறந்தநாள் விழா ஒன்றில் யாரோ ஆசையாகக் கொடுத்த இறால் ரோல்ஸில் ஒரு கடி கடித்தாள். மேசையில் மெழுகுதிரி எரிந்து முடியுமுன் உதடு வீங்கி, குரல் அடைத்து, அம்புலன்ஸ் வந்தது. அதற்குப் பிறகு அட்ரினலின் ஊசி வைத்த சிறு பை என் தோளை விட்டு இறங்கியதில்லை. மீன் சாப்பிடுவாள், ஆனால் இறால் தொட்ட கத்தியில் வெட்டிய மீன் கூடாது. நோர்வேயில் இது பெரிய சங்கடமில்லை. அங்கே மந்திரியிலிருந்து குழந்தைவரை எல்லோரும் 'மாட்பாக்க' என்று தங்கள் தங்கள் பெட்டியில் பாண் கட்டிக்கொண்டு போகிறவர்கள். பெட்டியைத் திறந்து தனியாகச் சாப்பிட்டால் யாருக்கும் முகம் கோணாது. எங்கள் ஊரில் நீட்டிய கவளத்தை வாங்காவிட்டால், நீட்டிய கை நாலு நாள் நோகும்.

அதுவும் பிலோ மாமியின் கை. என் அப்பாவின் அக்கா. அப்பாவும் அம்மாவும் கனடாவுக்குப் போய்விட்ட பிறகு எனக்கு மன்னாரென்றால் பிலோ மாமி வீடுதான். மாமியின் முற்றத்தில் நாள் முழுக்க நாலைந்து பெண்கள் இருந்து இறால் உரிப்பார்கள். கிணற்றடி, அம்மி, கதவுப் பிடி எல்லாவற்றிலும் இறால்தான். உலகத்திலேயே எனக்குப் பிடித்த வீடு, உலகத்திலேயே என் மகளுக்கு ஆபத்தான வீடு.

அதனால்தான் கொழும்பில் ஒருவரிடம் இந்தச் சின்ன வானை வாடகைக்கு எடுத்துவந்து, மாமி வீட்டு வேலியோரம் நிறுத்தினோம். உள்ளே ஒரு நேரத்தில் ஒருவரின் கால்தான் தரையில் நிற்கலாம். மெத்தையைச் சுருட்டினால்தான் அடியிலிருக்கும் வாங்குப் பலகையின் மூடி திறக்கும். மூடி திறந்தால்தான் அடுப்பு வெளியே வரும். அடுப்பு வெளியே வந்தால் யாரும் சட்டை மாற்ற முடியாது. ஒரு சட்டி, ஒரு தாச்சி, மூன்று கோப்பை, எல்லாம் புதிதாக வாங்கியவை. எது எங்கே, எதற்குப் பின் எது என்று ஒரு கொப்பியில் எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன். மதவாச்சி தாண்டும்போது அன்ரன், "நீர் எழுதுறதைப் பாத்தால் கப்பல் ஓட்டப் போறம் போல கிடக்கு" என்றார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு அந்தக் கொப்பி இல்லாமல் மூச்சு வராது.

ஆனால் எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது. மாமியிடம் உண்மையைச் சொல்வது. வந்திறங்கிய உடனே மாமி நோராவைத் தூக்கிக் கொஞ்சி, "வாடி என்ர குஞ்சு, இறால் பொரிச்சு வச்சிருக்கிறன்" என்றபோது என் நாக்கு புரண்டது. தலைமுறை தலைமுறையாகக் கடலில் பிழைத்த வீட்டுப் பிள்ளைக்கு இறால் ஆகாது என்று எப்படிச் சொல்வது? வளர்ப்பில் ஏதோ பிழை விட்டேன் என்பார்களோ, வெள்ளைக்காரப் பவுசு என்பார்களோ? "அவளுக்குத் தடிமன், மாமி, மூக்கு ஒழுகுது. கொஞ்ச நாளைக்கு நான் காய்ச்சிறது மட்டும் குடுக்கிறன்" என்றேன். இரண்டு நாள் அந்தப் பொய் நன்றாக வேலை செய்தது. கெட்டிக்காரி என்றுகூட என்னை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை அன்ரன் இருப்புக்கு இன்னொரு காஸ் வாங்க பஸ்ஸில் மன்னார் ரவுணுக்குப் போயிருந்தார். நோரா வானுக்குள் படம் கீறிக்கொண்டிருந்தாள். "நான் பாக்கிறன், நீ உடுப்பைத் தோய்" என்றார் மாமி. கிணற்றடியிலிருந்து திரும்பி வந்தால், மாமி வானின் அடுப்பை இழுத்து வைத்து, எங்கள் சட்டியிலேயே ஏதோ காய்ச்சிக் கோப்பையில் ஊற்றி ஊதிக்கொண்டிருந்தார். மிளகும் உள்ளியும் மணத்தன. அதற்கு அடியில் எனக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு மணம்.

"நண்டுச் சாறு" என்றார் மாமி பெருமையாக. "தடிமனுக்கு இதைவிட என்ன மருந்து? நீ என்ர சட்டியில குடுக்கமாட்டாய் எண்டு உன்ர சட்டியிலயே வச்சனான்."

கோப்பை நோராவின் உதட்டுக்கு இரண்டு விரல் தள்ளி இருந்தது. நான் தட்டிவிட்டேன். சாறு முழுவதும் மாமியின் சீலையில்.

"குடிச்சவளோ? மாமி, குடிச்சவளோ?"

"இல்லையடி, சுடுது எண்டு ஊதினனான். என்ன, நான் பிள்ளைக்கு நஞ்சோ குடுத்தனான்?"

"ஓம் மாமி" என்றேன். என் குரல் தெருவரை கேட்டிருக்கும். "நண்டும் இறாலும் அவளுக்கு நஞ்சு. மூச்சு நிண்டுபோம். தடிமன் எண்டது பொய்."

முற்றத்தில் இறால் உரித்த கைகள் நின்றன. நோராவைத் தூக்கிப்போய் முகத்தையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்தபோது மாமி நனைந்த சீலையோடு மண்ணில் இருந்தார்.

"என்ர கையாலயே பிள்ளையைக் கொன்றிருப்பனேயடி" என்றார். பிறகு கோபம் வந்தது. "ஏன் சொல்லேல்லை? வெக்கமோ? ஆருக்கு முன்னால வெக்கம்? எனக்கு முன்னாலயோ?"

இறால் உரிக்கிற எமில்டா அக்கா வாயை அடக்கமாட்டார். "கடல்காரரின்ர பிள்ளைக்கு இறால் ஆகாதாம். மாதாவே, இனி மாட்டுக்குப் புல் ஆகாது எண்டுவினம்."

"வாயை மூடு, எமில்டா!"

அப்போது மாமியின் மகன் றெஜி மச்சான், நண்டு வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல் சொன்னார். "எனக்கும்தான் நண்டு திண்டால் உடம்பெல்லாம் சொறியிறது."

"நீ விருப்பமில்லை எண்டெல்லோ சொன்னனி!"

"நண்டுக்காரனுக்கு நண்டு கடிக்குது எண்டு சொன்னால் நீங்கள் சும்மா விட்டிருப்பியளோ?"

முதலில் சிரித்தது எமில்டா அக்கா. பிறகு மாமி. கடைசியாக நான், அழுகையும் சேர்ந்து.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நம்பமுடியவில்லை. வாழ்நாளில் பெரியவர்களுக்கு ஒரு கட்டளை போட்டதில்லை நான். அன்று போட்டேன். வானிலிருந்த அத்தனையையும் வெளியே இறக்கினோம். அடுப்பும் வாங்குப் பலகையும் சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்துத் துடைக்கப்பட்டன. சாறு காய்ச்சிய சட்டியை மாமிக்கே கொடுத்துவிட்டு, புதியது வாங்கிவரச் சொல்லி அன்ரனுக்குப் போன் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்களுக்காக மாமி வைக்கிற விருந்து, முப்பது பேர். கொப்பியில் புதிய பக்கம் திறந்து அதற்கும் ஒழுங்கு எழுதினேன். இரண்டு நாள் இறால் உரிப்பு எமில்டா அக்கா வீட்டில். சமையல் புது மணல் போட்ட முற்றத்தில், என் கண்முன்னால், புதிய சட்டிகளில், புதிய கத்தியால். வேலிக்கு உள்ளே மீனும் சோறும் மட்டும். நண்டு தின்ன ஆசைப்படுகிறவர்களுக்கு வேலிக்கு வெளியே, காற்று கடலுக்குப் போகிற பக்கத்தில், தனிப் பாய். கைகழுவாமல் யாரும் வேலி தாண்டக்கூடாது. கோபிப்பார்கள் என்று பயந்தேன். ஞாயிறன்று மாமி வேலிப் படலையடியில் வாளியும் சவர்க்காரமுமாக நின்று, வந்த ஒவ்வொருவரின் கையையும் பிடித்து மணந்து பார்த்தார். "நீ போன முறையும் பொய் சொன்னவன், இன்னொருக்காக் கழுவு" என்று சின்னப்பு மாமாவைத் திருப்பி அனுப்பினார்.

நோரா முப்பது பேருக்கு நடுவில் சம்மணம் போட்டிருந்தாள். மாமி தானும் கைகழுவி வந்து, பாரைமீன் குழம்பில் சோற்றைப் பிசைந்து ஊட்டினார். முதல் பத்து நிமிடம் என் கண் மணிக்கூட்டில். பிறகு அவள் வாயைத் திறந்து "மேர்" என்றாள். நோர்வேஜியத்தில் 'இன்னும்' என்று அர்த்தம். யாரும் மொழிபெயர்க்கவில்லை, மாமி அடுத்த கவளத்தை உருட்டினார்.

வேலிக்கு வெளியே இருந்து எமில்டா அக்கா கூப்பிட்டார். "வாடி, உனக்கு எண்டு சினை நண்டு எடுத்து வச்சிருக்கிறன்." இரண்டு வருடமாக நான் நண்டு தொடவில்லை. பிள்ளையை முத்தமிடுகிற வாயாயிற்றே. அன்ரன் ஊசிப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, "போம், நான் நிக்கிறன்" என்றார். போனேன். நண்டுக் காலை உடைத்து உறிஞ்சினேன். முழங்கைவரை குழம்பு வழிந்தது, கண்ணிலும் வழிந்தது, உறைப்பு என்று சொன்னேன்.

உள்ளே இருந்து நோரா கூப்பிட்டாள். "அம்மா, கொம்! இங்க வாங்கோ!" நான் எழும்பிப் படலைவரை வந்தேன். என் பிள்ளை அந்தப் பக்கம், ஊரோடு ஒன்றாக, கன்னத்தில் சோறு ஒட்டியபடி. நான் இந்தப் பக்கம், நண்டு மணக்கிற இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் உயர்த்திப் பிடித்தபடி. "வாறன்" என்றேன். மாமி எழும்பி வந்து வாளியைத் தூக்கி என் கைகளில் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.