மேஜர் சொல்ல வேண்டிய திங்கட்கிழமை

தாராவியில் எங்கள் வீடு ஒரே அறை. யார் போனில் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும். போன வருஷம் ஒரு புதன்கிழமை சாயங்காலம், கைப்பைகளுக்கு லைனிங் தைத்துக்கொண்டிருந்தபோது, மகள் தன் தோழியிடம் பேசியது காதில் விழுந்தது.

"மண்டேக்குள்ள மேஜர் சொல்லிரணும்டி. சொல்லிட்டா மாத்த முடியாது. வீட்டுல இன்னும் யாருக்கும் தெரியாது."

மிஷினை நிறுத்திவிட்டேன். எங்கள் சந்தில் மேஜர் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். பதினெட்டு வயது முடிந்த பெண் கழுத்தில் மாலையோடு போலீஸ் ஸ்டேஷனில் நின்று, "நான் மேஜர், இஷ்டப்பட்டுத்தான் கட்டிக்கிட்டேன்" என்று சொல்வாள். எதிர்வீட்டில் அது நடந்திருக்கிறது.

எனக்கு யாரிடமும் எதையும் நேராகக் கேட்க வராது. பெற்ற மகளிடமும் அப்படித்தான். இரண்டு நாள் வாயைத் திறக்காமல் ஜெபம் மட்டும் பண்ணிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அவளே வந்தாள்.

"எம்மா, நாளைக்கு எங்கூட காலேஜுக்கு வா. ஃபார்ம்ல நீ கையெழுத்து போடணும்."

கையெழுத்து என்றதும் பொறுக்க முடியவில்லை. "பையன் யாரு பிள்ள? நம்ம சபையா, வேற ஆளா?"

"எந்தப் பையன்?"

"மேஜர்னு பேசிக்கிட்டு இருந்தியே."

தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அய்யோ எம்மா, அது பாடம்! ரெண்டாம் வருஷத்துக்கு மெயின் பாடம்!" சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். "பையனா இருந்தாக்கூட யாருன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். இதுல எனக்கே ஒண்ணும் தெரியல."

முதல் வருஷம் எல்லாப் பாடமும் கலந்து படித்திருக்கிறாள். இனி ஒன்றைத்தான் முக்கியமாகப் படிக்க வேண்டும், பட்டமும் அதில்தான். எகனாமிக்ஸா, சைக்காலஜியா? இரண்டிலும் ஒரே மாதிரி மார்க். தோழிகள் எல்லாம் சைக்காலஜி. எகனாமிக்ஸில் கணக்கு வரும் என்று பயம். திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால், இடம் மிச்சம் இருக்கிற பாடத்தில் போட்டுவிடுவார்கள். பத்தாவதோடு நின்ற நான் என்ன சொல்ல முடியும்?

சயானில் இருக்கிற அவள் காலேஜுக்குள் மறுநாள்தான் முதல்தடவை போனேன். மாடி ஹாலில் மேசை போட்டு, கடைசி வருஷப் பிள்ளைகள் உட்கார்ந்து முதல் வருஷப் பிள்ளைகளுக்கு யோசனை சொன்னார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு மராத்திப் பெண். இந்தியில் பேசினாள். என் மகளிடம் நிறையக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இவள் "தெரியல, ரெண்டும் ஓகேதான்" என்றே சொன்னாள்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "ஆண்ட்டி, நீங்க சொல்லுங்க. யாரும் சொல்லாமலே இவ என்ன செய்வா?" என்று கேட்டாள்.

நான் மகளைப் பார்த்தேன். அவள், "எங்கம்மா பேசாது" என்றாள். அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பின்னால் வரிசை நின்றது. அப்போதும் காத்திருந்தாள்.

மனதில் இருந்த குறையைத்தான் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். இவளோடு காய் வாங்கப் போனால் மானம் போகுது. எங்கள் மார்க்கெட்டில் முருங்கைக்காய் ஒரு விலை, மாட்டுங்காவில் அதற்கு மேலே. ஏன் என்று இரண்டு இடத்திலும் நின்று விசாரிப்பாள். லாரி எங்கிருந்து வருது, கடைக்கு வாடகை என்ன, அழுகினது எவ்வளவு. ஒருநாள் கடைக்காரர், "காய் வாங்க வந்தியா, ரெய்டுக்கு வந்தியா?" என்று கேட்டே விட்டார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெண் மேசையைத் தட்டிச் சிரித்தாள். "ஆண்ட்டி, இதத்தான எங்களுக்கு எகனாமிக்ஸ்ல சொல்லிக்குடுக்காங்க!"

ஆனாலும் அதையே எடு என்று சொல்லவில்லை. இரண்டு பாடத்துக்கும் இப்போது வகுப்பு நடக்கிறது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வா என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். நான் வராந்தாவில் நின்றேன். சைக்காலஜி வகுப்பிலிருந்து மகள் சீக்கிரமே வந்து, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். எகனாமிக்ஸ் வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியே வந்த பிறகும் இவளைக் காணோம். எட்டிப் பார்த்தேன். டீச்சர் மேசைக்கு முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. "அந்த மேம் வாடகை பத்திச் சொன்னது சரியே இல்லம்மா. கணக்கு போட்டுக் காட்டுதாங்க, நான் ஒத்துக்கல."

"கணக்கு வராதுன்னியே?"

"அது பாத்துக்கலாம். ஃபார்மக் குடு."

ஆபீஸ் மேசையில் வைத்து எகனாமிக்ஸ் என்று அவளே எழுதினாள். கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். கிளார்க் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

நான் சொல்வதை அந்த மராத்திப் பெண் மாதிரிக் காத்திருந்து கேட்டவர்கள் என் வாழ்க்கையில் குறைவு. நன்றி சொல்ல ஹாலுக்குத் திரும்பினேன். அந்தப் பெண்ணுக்கு முன்னால் ஒரு அப்பாவும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மெதுவாக ஏதோ பேச ஆரம்பித்திருந்தார். அவரை நடுவில் நிறுத்த மனமில்லாமல் படி இறங்கிவிட்டோம்.