மணி அடிக்காத முப்பத்தொரு விநாடி

1. லேஸ் கட்டிய நேரம்

மணி அடிக்க உட்கார்ந்த முதல் நாளே நான் ஒரு பாக்சரைத் தோற்கடித்தேன்.

சம்பளம் வாங்கியது பள்ளியில் பி.டி. டீச்சராக. ஆனால் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், பாக்சிங் டைம்கீப்பர் என்றுதான் சொல்வேன். ரிங்கை ஒட்டி ஒரு மேஜை. அதன்மேல் ஸ்டாப்வாட்ச், பித்தளை மணி, ஒரு மரக்கட்டை. ரவுண்டு முடியப் பத்து விநாடி இருக்கும்போது கட்டையால் மேஜையைத் தட்ட வேண்டும். முடிந்ததும் மணி. இடையில் ரெஃபரி "ஸ்டாப்" சொன்னால் வாட்ச் நிற்க வேண்டும், "பாக்ஸ்" சொன்னால் ஓட வேண்டும். "இதுக்கு ஒரு ஆளா?" என்று என் வீட்டுக்காரரே கிண்டல் செய்திருக்கிறார்.

அன்றைக்கு ரிங்கில் டேவிட். தெலுங்கு ஊரான திருமுல்கேரியில் தமிழ்க் குடும்பம், லைட்வெயிட், பார்க்கவே அழகான ஃபுட்வொர்க். கடைசி ரவுண்டில் எதிராளியைக் கயிற்றோடு சேர்த்து நிறுத்தி வைத்திருந்தான். அப்போது லேஸ் கட்டும் கிளவுஸ்தான். அவன் லேஸ் அவிழ்ந்தது. ரெஃபரி "ஸ்டாப்" என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு லேஸ் கட்டுவதையே பார்த்தேன். வாட்ச் அது பாட்டுக்கு ஓடியது. பதினோரு விநாடி போன பிறகுதான் உறைத்தது. வாயைத் திறந்து சொல்லப் பயந்து, வாட்ச் காட்டியபடியே மணி அடித்துவிட்டேன். டேவிட் பாயின்ட்டில் தோற்றான், மயிரிழையில்.

கையில் சுற்றிய பேண்டேஜை அவிழ்த்துக்கொண்டே நேராக என் மேஜைக்கு வந்தான்.

"மேடம், லேஸ் கட்டுன நேரமும் என் நேரத்துல சேர்த்தியா?"

சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவன் மெதுவாகக் கேட்டான். மறுநாளிலிருந்து வாட்ச் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் வைத்தேன். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் எத்தனை விநாடி என்று எழுதிவிடுவேன். டேவிட்டோடு பிறகு சிநேகமாகிவிட்டது, மேடம் போய் அக்கா ஆனேன். ஆனால் அந்தப் பதினோரு விநாடியை அவனும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

2. பின்னல்

பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாநிலப் போட்டி. பெண்கள் ஃபைனல். சிவப்பு மூலையில் ரேஷ்மா, இடதுகைக்காரி, எங்கள் லோத்குண்டாவில் எனக்கு அடுத்த தெரு. அவள் கோச் டேவிட். முன்னம் இரண்டு முறை ஃபைனலில் தோற்றவள். இந்த முறையும் தோற்றால் கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு கச்சிபௌலியில் கிடைத்திருக்கும் கம்பெனி வேலையில் சேர வேண்டும் என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். ஜெயித்தால் நேஷனல்ஸ். அவ்வளவுதான் கணக்கு.

முதல் இரண்டு ரவுண்டும் நீல மூலைக்குப் போயின. அந்தப் பெண் உயரம், கை நீளம், முன்கையால் விடும் ஜேப் குத்து ஒன்றொன்றும் சொல்லி வைத்த மாதிரி விழுந்தது. இனிப் பாயின்ட்டில் ரேஷ்மாவுக்கு வழியில்லை. ரெஃபரியே பவுட்டை, அதாவது மோதலை, நிறுத்தும்படி அடித்தால்தான் உண்டு.

மூன்றாவது, கடைசி ரவுண்டில் நீல மூலைப் பெண்ணின் பின்னல் ஹெட்கார்டுக்கு வெளியே வந்து விழுந்தது. பெண்கள் பவுட்டில் இது வழக்கம்தான். ஊசி, கிளிப் எதுவும் கூடாது, ரப்பர் பேண்ட் மட்டும்தான். ரெஃபரி நிறுத்தி, கூந்தலை உள்ளே தள்ளிக் கட்டச் சொன்னார். தாளில் எழுதினேன்: 19. சற்று நேரத்தில் மறுபடியும் விழுந்தது. எழுதினேன்: 12.

நீல மூலைக் கோச் கையில் மொபைல் ஸ்டாப்வாட்ச். அதை அவர் நிறுத்தவே இல்லை. அதில் மூன்று நிமிடம் ஆனதும் "டைம்! டைம்!" என்று துள்ளினார். அவர் ஆட்கள் விசிலடித்தார்கள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து கையைத் தூக்கிவிட்டாள். ரெஃபரி "பாக்ஸ்" என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தார்.

போட்டிச் செயலாளர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "மேடம், டைம் அயிபோயிந்தி! பெல் கொட்டண்டி!" நேரம் முடிந்துவிட்டது, மணியை அடியுங்கள் என்று தெலுங்கில் கத்தினார்.

"ஆகலை சார். இன்னும் இருக்கு."

"உங்க காலனி பொண்ணுன்னு டைம் குடுக்கறீங்களா? எதுக்கு மேடம் இதெல்லாம்? ரிடையர் ஆகற டைம்ல பேர் கெடுத்துக்காதீங்க!"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மணியை அடித்துவிட்டால் நிம்மதி. ஆனால் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது, தாளில் 19, 12 என்று என் கையெழுத்து இருந்தது.

"தாள் இருக்கு சார். அப்புறம் பாருங்க. இப்ப மேஜையை விட்டுத் தள்ளி நில்லுங்க."

ரேஷ்மாவுக்கு மொபைலும் தெரியாது, தாளும் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: கட்டை இன்னும் தட்டவில்லை. அதனால் அவள் நிறுத்தவே இல்லை. பத்து விநாடிக்குக் கட்டையைத் தட்டினேன். எதிராளி திடுக்கிட்டுக் கையை மறுபடி முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தாள். ஆனால் அவள் கால் அதற்குள் பவுட் முடிந்தது என்று ஓய்ந்துவிட்டிருந்தது. ரேஷ்மா உள்ளே புகுந்து வலதுகையால் வயிற்றில் ஒன்று, அது இறங்குவதற்குள் இடதுகையால் தாடையில் ஒன்று. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். ரெஃபரி எண்ணினார். எட்டில் எழுந்தாள், கை மேலே வரவில்லை. ரெஃபரி இரண்டு கையையும் அசைத்து முடித்துவைத்தார்.

அந்தப் பெண் விழுந்தபோது என் வாட்ச்சில் நாலு விநாடி மிச்சம் இருந்தது.

புரொடெஸ்ட் வந்தது. வராமல் இருக்குமா? மூத்த அதிகாரி வீடியோவையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை பார்த்தார். பத்தொன்பது, பன்னிரண்டு. ஒரு விநாடி கூடப் பிசகவில்லை. ரேஷ்மாவின் கையை ரெஃபரி உயர்த்தியபோது ஹால் கூரை பறந்துவிடும் போலச் சத்தம். நானும் டைம்கீப்பர் என்பதை மறந்து நாற்காலியில் ஏறி நின்று கை தட்டினேன். நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்க அன்று என்னால் முடியவில்லை. செயலாளர் தானே வந்து, "டீ தாகுதாமா மேடம்?" என்று குழைந்தார். குடித்தேன், அவர் செலவில், இரண்டு கப்.

டேவிட் ரேஷ்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஓடிவிட்டு, மூச்சு வாங்க என் மேஜைக்கு வந்தான்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. என் பதினோரு செகண்டத்தானே இவளுக்குக் குடுத்தீங்க?"

"இல்லடா. முப்பத்தொண்ணும் அவளோடதுதான். உன்னோடது இன்னும் எங்கிட்டயே இருக்கு."

அவன் சிரித்தான். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

இந்த மேஜையில் உட்காரப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நேரத்தைக் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஒருமுறை எடுத்துவிட்டால், திருப்பிக் கொடுக்க எந்த ரிங்கிலும் ரவுண்டு கிடையாது.