நோகேல்லையெண்டால் ஏணியெல்லோ!

இரஞ்சிதம் எனக்கு மச்சாள். என்ர தாய்மாமன் இளையதம்பியின்ர கடைசிப் பெட்டை. மாமா தீவுப்பகுதியிலயிருந்து வந்து முத்தையன்கட்டில் வயலெடுத்தவர். அவள் இங்கதான் பிறந்தவள்.

விளையாட்டில் கள்ளம் செய்யிறதை நாங்கள் அளாப்பு எண்டுவம். அது அவளுக்குக் கண்ணில காட்டக்கூடாது. கிளித்தட்டில் தொடாமலே தொட்டனெண்டு சொன்ன என்ர தம்பியின்ர சட்டையைக் கிழிச்சவள். பிறகு சண்டை முடிஞ்சு முகாமில, நிவாரண வரிசைக்குள்ள ஒருத்தர் இடையில புகுந்தபோது, அந்தப் பசியிலயும் "அளாப்பாதேங்கோ!" எண்டு கத்தினாள். சனம் சிரிச்சது. அந்த நாளில் வேற சிரிப்பு எனக்கு ஞாபகமில்லை.

போன ஆவணியில் எங்கட ஊர் மருத்துவிச்சி, மிட்வைப் பிள்ளை தர்மிளா, மாதர் சங்கத்துக்கு ஒரு கட்டில் விரிப்பில பாம்பும் ஏணியும் கீறிக்கொண்டு வந்தா. புற்றுநோய் விளையாட்டெண்டதும் பாதிப்பேர் எழும்பப் பார்த்தினம். வெல்லுற ஆளுக்குப் பிளாஸ்டிக் பேசின் எண்டா. இருந்திட்டம்.

புகையிலையை விட்டால் ஏணி. கிளினிக்கில் சோதிச்சால் ஏணி. இரஞ்சிதம்தான் முன்னுக்கு நிண்டாள். தாயக்கட்டை உருண்டு, அவளின்ர காய் போய் நிண்ட கட்டத்தில் "மார்பில கட்டி. நோகேல்லை. பேசாமல் இருந்தன்" எண்டு எழுதியிருந்தது. பெரிய பாம்பு.

"பிள்ளை, இது அளாப்பு! நோகேல்லையெண்டால் நல்லதெல்லோ? ஏணியெல்லோ வரவேணும்!"

"இல்லை அன்ரி. தொடக்கத்தில கனபேருக்கு நோகாது. எல்லாக் கட்டியும் புற்றுநோயில்லை. ஆனால் காட்டவேணும்."

"தோத்துருவோமுன்னு அக்காவுக்குப் பயம்!" எண்டாள் பக்கத்து வளவு வீரம்மா.

எல்லாரும் சிரிச்சம். இரஞ்சிதம் சிரிக்கேல்லை. காயை எடுத்துக் கைக்குள்ள பொத்தினாள்.

"அப்ப எனக்கும் பாம்போ?"

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக முந்தியே கட்டி தட்டுப்பட்டதாம். நோகாததால் விட்டிட்டாளாம். எனக்குக்கூடச் சொல்லேல்லை.

தர்மிளா பாயில அவளோட ஒட்டி இருந்தா. "நீங்கள் இன்னும் இறங்கேல்லை அன்ரி. காய் உங்கட கையிலதான் கிடக்கு."

அடுத்த நாள் தானே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கயிருந்து தெல்லிப்பளை ஆசுபத்திரிக்கு. புற்றுநோய்தான். பரவ முந்திப் பிடிச்சிட்டினம். ஒப்பரேசன், மருந்து, மயிர் கொட்டினது, எல்லாம் தாண்டி வீட்டை வந்தாள். கூடப்பிறந்தவை ஒருத்தரும் மிச்சமில்லாதவள். அவளை எங்களுக்கு மீட்டுத் தந்த அந்தப் பிள்ளையை அம்மாளாச்சியைக் கும்பிடுற நேரமெல்லாம் நினைக்கிறன்.

இந்த வைகாசியும் இரஞ்சிதம் வற்றாப்பளையில பொங்கினாள். அரிசி கழுவ வீரம்மா அண்டைக்குத் தான் வெண்ட அந்தப் பேசினைக் கொண்டு வந்தாள்.

"இந்தா, நீயே வச்சுக்கக்கா."

"கொண்டு போடி. ஆட்டம் இன்னும் முடியேல்லை. தர்மிளாவை வரச் சொல்லு, வெண்டு எடுக்கிறன்."