பெருமாளுக்கு வளர்த்த முடி

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் ஒரு பையன் தோள் வரை முடி வளர்த்தால், தெருவுக்கே அது பொதுப் பிரச்சினை. நான் வளர்த்தேன். கல்லூரியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ராக் குழு வைத்திருந்தோம். நான் டிரம்ஸ். அபிராமபுரத்தில் கிட்டார்காரன் வீட்டு கார் ஷெட்டில்தான் பயிற்சி. கறுப்பு டீ-ஷர்ட், நீள முடி, வாசிக்கும்போது தலையைச் சுழற்றி ஓர் ஆட்டு. இதெல்லாம் யாரும் போட்ட சட்டம் இல்லை, ஆனால் மீறவும் முடியாது.

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தி, என் முடியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மாமி ஒருநாள் அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள், பையன் ஏன் இப்படித் திரிகிறான் என்று. அம்மாவுக்கு மானம் போயிற்று. திருப்பதிக்கு வேண்டுதல் என்று சட்டென்று ஒரு பொய்யை எடுத்துவிட்டாள்.

அடேயப்பா, அதற்குப் பிறகு எனக்கு வந்த மரியாதை! போன வாரம் ரவுடி, இந்த வாரம் பக்தன். பூக்காரம்மா என்னைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எதிர்வீட்டு மாமி தலைக்குத் தேய்க்க எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். அப்பாவும் வாயை மூடிக்கொண்டார். அதே முடிதான், ஓர் இழை மாறவில்லை. ஜாலியாக வளர்த்தேன்.

வேண்டுதல் என்றால் ஒருநாள் நிறைவேற்ற வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. அம்மாவின் அண்ணனான என் மாமாவுக்கு உறைத்தது. திருப்பதிக்கு வேன் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அடுத்த சனிக்கிழமை அடையாறில் ஒரு கல்லூரி விழாவில் எங்களுக்குப் போட்டி. அதற்காகத்தான் அத்தனை நாள் உயிரை விட்டுக்கொண்டிருந்தோம். முடியவே முடியாது என்று குதித்தேன். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"தெருவுல என்ன சொல்வான்னு இல்லைடா. பெருமாள் பேரை வாயால சொல்லிட்டேன். எனக்குப் பயமா இருக்கு."

அதற்கு மேல் குதிக்க முடியவில்லை. வேனில் ஏறினேன்.

மொட்டைத்தலையும் சந்தனமுமாக ஷெட்டில் போய் நின்றதும் கிட்டார்காரன் முகம் தொங்கிப்போயிற்று.

"இதோட ஸ்டேஜ் ஏறினா காமெடி ஆயிடும் மச்சி. முடி வளரட்டும், அப்புறம் வா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் குரலே கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு பேசியது. ஊர்க் கட்டுப்பாட்டை உடைக்கிறோம் என்று தொண்டை கிழியப் பாடிய பயல்கள், தலையில் முடி இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார்களாம். உங்களுக்கு எதிர்வீட்டு மாமியே தேவலை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அம்மாவின் பொய், வேன், அவள் பயம், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவன் கிட்டார் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். பிறகு, போய் டிரம்ஸில் உட்காரச் சொன்னான்.

சனிக்கிழமை மேடை வெளிச்சம் என் மொட்டையில் பட்டதும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கிட்டார்காரன் மைக்கைப் பிடித்தான்.

"எங்க டிரம்மர் அவங்க அம்மாவுக்காக முடியைக் குடுத்துட்டு வந்திருக்கான்."

அவ்வளவுதான் சொன்னான். அந்த நீள முடிக் கூட்டம் விசிலடித்துத் தீர்த்தது. சுழற்ற முடியில்லாத தலையை ஆட்டி ஆட்டி வாசித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் வாசித்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். "எனக்கில்லைடா, பெருமாளுக்கு" என்று திருத்தினாள். திருத்திவிட்டு, அவன் மைக்கில் என்ன சொன்னான் என்று மறுபடியும் கேட்டாள்.