நண்டு வளையும் செங்கொடியும்

குத்தாலம் பக்கம் குத்தகைக்குப் பயிர் செய்கிறவன் நான். ஒரு ஐப்பசியில் கூலிக்காரர் சங்கத்து மாரிமுத்து குத்தகைக்காரர்களான எங்களிடம் வந்து, "வாய்க்கால் கரையில நண்டு வளை பெருசாயிருக்குங்க. மழைக்கு முன்னாடி அடைச்சிடுங்க" என்றார்.

கூட இருந்த பண்ணைக் காரியஸ்தர் சிரித்தார். "செங்கொடி பிடிக்கிறவன் பேச்சை எவன்யா நம்புவான்? நேத்து கூலியை ஏத்துன்னான், இன்னைக்குக் கரை உடையும்ங்கிறான்."

நாங்களும் சிரித்தோம். கூப்பிடு தூரத்தில் இருந்த கரையை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

மழை பிடித்தது. வளை இருந்த இடத்திலேயே கரை உடைந்து, என் சம்பா நடவு முழுவதும் மண்ணுக்குள் போனது.

காரியஸ்தர் அடுத்ததை எடுத்துவிட்டார். "முன்கூட்டியே தெரிஞ்சிருக்குன்னா கரையை வெட்டிவிட்டதே அவன்தான்!" ஊரே தலையாட்டியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப மழை வரும்னு சொன்ன ரேடியோதான் மழையைக் கொட்டுச்சாங்க?" என்று கேட்டேன்.

"நீ எப்பய்யா கொடி பிடிச்சே?" இதுதான் காரியஸ்தரின் பதில்.

மாரிமுத்துவைப் போலீஸ் கொண்டுபோனது. இன்னும் கோர்ட்டுக்கு அலைகிறார்.

இப்போதெல்லாம் யாராவது, "சொன்னவன் யார் தெரியுமா?" என்று ஆரம்பித்தால் நான் அங்கே நிற்பதில்லை. மண்வெட்டியோடு கரைக்குப் போய்விடுகிறேன்.