நீல முக்காட்டு அரசி

மன்னாரிலிருந்து புலம்பெயர்ந்து வந்த நாள்முதல் பொனிபஸுக்கு டைல் பதிப்பதுதான் வேலை. அவர் கண்ணை நம்பமாட்டார். விரல் முட்டியால் தட்டி, சத்தத்தைத்தான் நம்புவார்.

ஸ்பெயினிலுள்ள பெரிய சதுக்கம் ஒன்றைப் பார்த்து அவர் குடியேறிய கிரான்பர்னில் அதேபோல் கட்டியபோது, மாடங்களில் டைல் படங்களை ஒட்டியவர்களில் அவரும் ஒருவர். ஒரு மாடத்தில், ஆளுயரத்துக்கு மேலே, நீல முக்காடு போட்ட அரசி. அவர் மனைவி டொறத்திக்கும் செபக்கூட்டப் பெண்களுக்கும் அவள் மாதாவாகிவிட்டாள். இந்தக் குளிர்கால மழைக்குப் பிறகு அந்த முகம் சுவரைவிட்டுச் சற்று முன்னால் வந்திருந்தது.

"மாதா எங்களைப் பாக்கக் குனியிறா," என்றாள் டொறத்தி.

பொனிபஸ் தட்டிப் பார்த்தார். வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் கேட்டது. தண்ணீர் இறங்கிப் பசை விட்டிருந்தது. சதுக்க நிர்வாகத்திடம் சொன்னார், அடுத்த கிழமை பார்ப்பார்களாம். யாரும் கிட்டப் போகாதபடி தானே மஞ்சள் எச்சரிக்கை நாடா கட்டினார். பெண்கள் அதை அவிழ்த்துவிட்டு, கீழே மெழுகுதிரி ஏற்றி முழங்காலிட்டார்கள்.

"அது மாதா இல்லையடி, விசரி! ஸ்பெயின்காரற்றை ராணி. விழப்போகுது, எல்லாரும் இஞ்சாலை வாங்கோ!"

"செபத்துக்குள்ளை கத்தாதேங்கோ."

டொறத்தியின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறினாள். அப்போது சுவருக்குள்ளிருந்து மெல்ல, 'டிக்' என்றொரு சத்தம். அது என்ன சத்தமென்று பொனிபஸுக்குத் தெரியும்.

டொறத்தியின் முகம் மலர்ந்தது.

"கேட்டனீங்களே? மறுமொழி சொல்லுறா!"

முழங்காலாலேயே நகர்ந்து அவள் சுவரை ஒட்டிப் போனாள். மற்றவர்களும் அவள் பின்னால் நகர்ந்தார்கள்.